திறப்பு விழாவுக்குப் பிறகு யார் கணக்குப் பார்ப்பது?

துறைமுகமாகட்டும், மின்சாரமாகட்டும், ஊர்ச் சந்தையாகட்டும், பொதுமக்களுக்குரிய ஒன்றைத் தனியாருடன் சேர்ந்து செய்யப்போவதாகச் செய்தி வந்தவுடன் நமது நாட்டில் இரண்டு குரல்கள் எழும். "நாட்டை விற்கிறார்கள்" என்பது ஒன்று. "அரசாங்கத்திடம் விட்டால் உருப்படாது, தனியாரிடம் கொடுங்கள்" என்பது மற்றொன்று. எதிர்க்கட்சியில் இருக்கும்போது முதலாவதைச் சொன்னவர்கள் ஆட்சிக்கு வந்ததும் இரண்டாவதைச் சொல்வதையும் நாம் பலமுறை பார்த்துவிட்டோம். ஒப்பந்தம் கைச்சாத்திடப்படும், நாடா வெட்டப்படும், படம் பத்திரிகையில் வரும். பத்து வருடம் கழித்து அந்த ஒப்பந்தத்தால் மக்களுக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று கேட்பவர் மிகக் குறைவு.

நான் ஓர் ஆசிரியன். பொருளியல் நிபுணன் அல்ல. ஆனால் மதிப்பீடு என்பது எங்கள் தொழில். வினாத்தாள் தயாரிக்கும்போதே புள்ளித் திட்டத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்பது ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்றுத் தந்த ஆரம்பப் பாடங்களில் ஒன்று. விடைத்தாளைப் பார்த்த பிறகு புள்ளித் திட்டம் எழுதினால், வேண்டிய பிள்ளையைச் சித்தியடையச் செய்யலாம், வேண்டாத பிள்ளையைத் தவறச் செய்யலாம். நமது நாட்டின் அரச–தனியார் பங்குடைமைத் திட்டங்கள் பலவற்றுக்கு நடப்பது இதுதான். எதை வைத்து வெற்றி என்போம், எதை வைத்து தோல்வி என்போம் என்பதை ஆரம்பத்தில் எவரும் பகிரங்கமாக எழுதி வைப்பதில்லை.

விடயத்தை நமது ஊரிலிருந்தே தொடங்குவோம். பள்ளிவாசலுக்குப் பிரதான வீதியோரமாக ஒரு வெற்றுக் காணி இருக்கிறது. கடைகள் கட்டினால் வருமானம் வரும், ஆனால் நம்பிக்கையாளர் சபையிடம் பணமில்லை. ஊரின் வர்த்தகர் ஒருவர் முன்வருகிறார். "எனது செலவில் பத்துக் கடைகள் கட்டுகிறேன். 15 வருடங்களுக்கு வாடகையை நான் எடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகு கடைகள் பள்ளிக்குச் சொந்தம்" என்கிறார். இவ்வாறான ஏற்பாட்டை நம்மில் பலர் கண்டிருப்போம். கொழும்புத் துறைமுகத்தில் நடந்ததும் இதே வகைதான். நிர்மாணித்து, இயக்கி, கையளித்தல் என்று அதற்குப் பெயர்.

இந்தக் கடைத் தொகுதி விடயத்தில் ஜமாஅத்தார் என்ன கேட்பார்கள்? கட்டடத்தின் தரத்தை யார் பரிசோதிப்பது? கடைகள் வாடகைக்குப் போகாவிட்டால் நட்டம் யாருக்கு? 15 வருடங்களுக்குள் பள்ளி பக்கத்துக் காணியில் இன்னும் கடைகள் கட்டலாமா, கூடாதா? பதினைந்தாம் வருடம் கையளிக்கும்போது கூரையும் கதவும் எந்த நிலையில் இருக்க வேண்டும்? இவற்றோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதைத்தான் பலரும் மறந்து விடுகிறார்கள். ஜமாஅத்தாரிடம் சிறுகச் சிறுகச் சேர்த்து பள்ளியே இரண்டு கடை, பிறகு மூன்று கடை என்று கட்டியிருந்தால் இதே 15 வருடங்களில் பள்ளியின் கையில் என்ன இருந்திருக்கும்? கட்டடம் நிற்கிறதா என்று பார்ப்பது பாதி மதிப்பீடுதான். மாற்று வழியோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மீதிப் பாதி நிறைவேறும்.

இக்கேள்விகளில் முதன்மையானது நட்டம் யாருக்கு என்பது. இது நமக்குப் புதிதல்ல. முழாரபா வியாபாரத்தில் முதல் போட்டவருக்குக் குறித்த தொகை இலாபத்தை முன்கூட்டியே உத்தரவாதப்படுத்தினால் அந்த உடன்படிக்கை செல்லாது என்று மத்ரஸாவில் ஓதிய பிள்ளை சொல்லும். இலாபம் வந்தால் பேசிய விகிதத்தில் பங்கு, நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். பொறுப்பை ஏற்பவருக்கே ஆதாயத்தில் உரிமை என்பது பிக்ஹில் நன்கறியப்பட்ட விதி. நான் இங்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, அது உலமாக்களின் வேலை. ஆனால் ஓர் அரச–தனியார் ஒப்பந்தத்தை அளப்பதற்கு இந்த விதியைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. தனியார் ஏன் அரசைவிட அதிக இலாபம் எதிர்பார்க்கிறார்? ஆபத்தை ஏற்பதால். அந்த ஆபத்தை அவர் உண்மையில் ஏற்றாரா என்பதே பரீட்சை.

இந்த அளவுகோலை மின்சாரத்தில் வைத்துப் பார்ப்போம்.

1996ஆம் ஆண்டின் வரட்சியை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின் உற்பத்தி பெருமளவில் நீரையே நம்பியிருந்த காலம் அது. நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு. குப்பி விளக்கில் பரீட்சைக்குப் படித்த தலைமுறை எங்களுடையது. அதன் பிறகு அவசர அவசரமாகத் தனியார் அனல் மின் நிலையங்கள் வந்தன. சப்புகஸ்கந்தை, கொழும்புத் துறைமுகத்தில் மிதக்கும் மின் நிலையம், பின்னர் களனிதிஸ்ஸ, எம்பிலிப்பிட்டிய, மாத்தறை என்று பட்டியல் நீண்டது. இவை மின்சார சபைக்கு மின்சாரம் விற்றன.

இந்த ஒப்பந்தங்களில் கட்டணம் இரண்டு பகுதிகளாக இருந்தது. ஒன்று, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையம் தயாராக இருப்பதற்காகக் கொடுக்கும் கொள்ளளவுக் கட்டணம். மற்றது, எடுத்த ஒவ்வோர் அலகுக்குமான கட்டணம். பாடசாலை வானை நினைத்துக் கொள்ளுங்கள். பிள்ளை போனாலும் போகாவிட்டாலும் மாதாந்தப் பணம் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் டீசல் செலவும் பெற்றோரின் தலையில். டீசல் விலை ஏறினால் அந்த ஏற்றமும் பெற்றோருக்கே. டொலர் ஏறினால் அதுவும் அவர்களுக்கே. வான் சொந்தக்காரரின் பொறுப்பு, வானை ஓடக்கூடிய நிலையில் வைத்திருப்பது மட்டும்தான்.

கொள்ளளவுக் கட்டணம் என்பதே அநியாயம் என்று சொல்வது சரியல்ல. மழை பெய்யாத வருடத்துக்காக ஒரு மின் நிலையத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டுமானால் அதற்கு யாராவது பணம் கொடுத்தே ஆக வேண்டும். உலகெங்கும் அவ்வாறான ஒப்பந்தங்கள் உண்டு. நிலையம் பழுதடைந்து நின்றால் அந்தக் கட்டணம் குறையும் என்ற நிபந்தனையும் அவற்றில் இருக்கும். பிரச்சினை அளவில்தான். எரிபொருள் விலை, டொலரின் பெறுமதி, கேள்வி குறைந்தால் வரும் நட்டம் ஆகிய மூன்று பெரிய ஆபத்துகளும் மின்சார சபையிடம் இருந்தன. அதாவது மின்பட்டியல் கட்டும் நம்மிடம் இருந்தன. முதலீட்டாளர் ஏற்ற ஆபத்து சிறியது. அப்படியென்றால் அவருக்குக் கொடுத்த இலாபமும் அதற்கேற்பச் சிறியதாக இருந்ததா? இதுதான் மதிப்பீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி. முதல் ஒப்பந்தக் காலம் முடிந்த சில நிலையங்களுக்குக் குறுகிய கால நீடிப்புகள் மீண்டும் மீண்டும் வழங்கப்பட்டபோது கேள்வி இன்னும் கூர்மையானது. கடைத் தொகுதியின் 15 வருட வாடகையை எடுத்து முடித்தவர், "கடை வேண்டுமானால் இன்னும் இரண்டு வருடம் தாருங்கள்" என்று கேட்பது போன்றது அது. மின்வெட்டு வரும் என்ற பயத்தில் இருக்கும் அரசாங்கத்தால் பேரம் பேச முடியாது.

அதே காலத்தில், அதே மின்சார சபை, தனியாருடன் வேறொரு வகை ஒப்பந்தமும் செய்தது. மத்திய மலைநாட்டின் ஓடைகளில் எழுந்த சிறு நீர்மின் நிலையங்களை அறிவீர்கள். 10 மெகாவாட் வரையான இந்நிலையங்களுக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே மாதிரி ஒப்பந்தம். மின்வலைக்குக் கொடுத்த அலகுக்கு மட்டும் ரூபாவில் பணம். ஓடை வற்றினால் நட்டம் உரிமையாளருக்கு. கொள்ளளவுக் கட்டணம் கிடையாது. ஒருவருக்கு ஒரு நிபந்தனை, இன்னொருவருக்கு வேறொரு நிபந்தனை என்ற பேரமும் கிடையாது. அப்படியிருந்தும் உள்ளூர் முதலீட்டாளர்கள் வந்தார்கள், நூற்றுக்கணக்கில் நிலையங்கள் எழுந்தன. சில ஓடைகள் குழாய்க்குள் போய் நீர்வீழ்ச்சிகள் வறண்டன என்ற சுற்றாடல் குற்றச்சாட்டும் உண்டு, அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். ஆனால் ஆபத்தைத் தனியாரிடம் கொடுத்தால் எவரும் முதலீடு செய்ய வரமாட்டார்கள் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

2022இல் ரூபா சரிந்தபோது இந்த வித்தியாசம் நமது வீடுகளுக்கே வந்தது. ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனது. ஓகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், அடுத்த வருடம் பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. இந்த உயர்வுக்குத் தனியார் மின் நிலையங்கள் மட்டும் காரணமல்ல. நிலக்கரி, எண்ணெய், பல வருடம் உயர்த்தாமல் வைத்திருந்த கட்டணம், சபையின் கடன் எல்லாம் சேர்ந்தே வந்தது. ஆயினும் டொலரோடு கட்டப்பட்ட ஒவ்வோர் ஒப்பந்தமும் அந்தச் சுமையில் ஒரு கல்லை ஏற்றியது. ரூபாவில் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஏற்றவில்லை.

இந்த இடத்தில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே நெருக்கடிக் காலத்தில் சிறு நீர்மின், சூரிய மின் உற்பத்தியாளர்களுக்கு மின்சார சபை மாதக்கணக்கில் பணம் கொடுக்கவில்லை. வங்கிக் கடன் எடுத்து நிலையம் கட்டியவர்கள் தவித்தார்கள். அரசாங்கம் சொன்ன திகதியில் பணம் கொடுக்காத நாட்டில், அடுத்த முறை விலை கூறுபவர் அந்தத் தாமதத்துக்கும் சேர்த்துத்தான் விலை கூறுவார். ஆகவே தனியார் பங்கேற்பின் செயற்றிறனை அளக்கும்போது தனியாருக்கு மட்டும் புள்ளி போட்டால் போதாது. அரசும் அதே பரீட்சையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கொழும்புத் துறைமுகத்தில் நிலைமை வேறு. ஒரே துறைமுகத்தில் அரசின் முனையமும் தனியார் முனையங்களும் பக்கத்தில் பக்கத்தில் இயங்குகின்றன. ஒரே வகுப்பில் உள்ள பிள்ளைகளுக்கு ஒரே வினாத்தாள் கொடுத்தது போல ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜய கொள்கலன் முனையம் துறைமுக அதிகார சபையுடையது. மகாராணி எலிசபெத் இறங்குதுறை 1999இல் பி அன்ட் ஓ, ஜோன் கீல்ஸ் உள்ளிட்ட கூட்டு நிறுவனத்துக்கு 30 வருடங்களுக்கு வழங்கப்பட்டது. தெற்கு முனையம் 2011இல் 35 வருடங்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதில் சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு 85 வீதம், துறைமுக அதிகார சபைக்கு 15 வீதம். 2013இல் இயங்கத் தொடங்கிய அந்த முனையம் வருடத்துக்கு 24 இலட்சம் கொள்கலன் அலகுகளைக் கையாளுமென வடிவமைக்கப்பட்டது. சில வருடங்களிலேயே அதையும் தாண்டியது. 2013இல் 43 இலட்சம் அலகுகளைக் கையாண்ட கொழும்புத் துறைமுகம் 2018இல் 70 இலட்சத்தை எட்டியது. இதை வெற்றி இல்லையென்று சொல்பவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் புள்ளியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தெற்கு முனையத்தின் ஆழம் 18 மீற்றர். அரசின் ஜய முனையத்தின் ஆழம் 15 மீற்றர். உலகின் மிகப் பெரிய கப்பல்களுக்கு ஆழம் வேண்டும். அவை எங்கே போகும்? ஆழமுள்ள இடத்துக்குத்தான். அப்படியானால் தெற்கு முனையத்தின் வளர்ச்சியில் ஒரு பங்கு நிர்வாகத் திறமையால் வந்தது, ஒரு பங்கு ஆழத்தால் வந்தது. அந்த ஆழ்கடல் துறைமுகத்தைக் காக்கும் நீண்ட அலைதடுப்பு அணையைக் கட்டியது யார்? துறைமுக அதிகார சபை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 300 மில்லியன் டொலர் கடனில். அந்தக் கடனை அடைப்பது அரச நிறுவனம். இது தவறென்று சொல்லவில்லை. அலைதடுப்பு அணை எல்லா முனையங்களுக்கும் பொதுவானது, அதைத் தனியார் கட்ட முன்வரமாட்டார்கள். ஆனால் முனையத்தின் இலாப நட்டத்தைப் பார்க்கும்போது அந்த 300 மில்லியனைக் கணக்கில் எழுதாமல் விட்டால், கருப்பட்டியும் முட்டையும் தாய் வீட்டிலிருந்து வர, வட்டிலப்பம் செய்த மருமகளை மட்டும் பாராட்டியது போலாகும்.

அரசும் தன் பங்குக்குச் செய்ததைப் பாருங்கள். கிழக்கு முனையத்தின் முதல் பகுதியை அரச பணத்தில் கட்டி முடித்துவிட்டு, பாரந்தூக்கிகள் பொருத்தாமல் பல வருடங்கள் வைத்திருந்தார்கள். இந்தியாவுக்கா, ஜப்பானுக்கா, நாமே நடத்துவதா என்ற இழுபறி. 2019இல் இந்தியா, ஜப்பானுடன் உடன்பாடு, 2021 பெப்ரவரியில் அது இரத்து. அதே வருடம் மேற்கு முனையம் அதானிக்கு 51 வீதம், ஜோன் கீல்ஸுக்கு 34 வீதம், அதிகார சபைக்கு 15 வீதம் என்று 35 வருடங்களுக்குப் போனது. அது 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. தொழிற்சங்கங்கள் கிழக்கு முனையத்தைக் காப்பாற்றியதாக மகிழ்ந்தன. வெறுமனே கிடந்த இறங்குதுறையில் இழந்த வருமானத்தை எவரும் கணக்கிட்டுச் சொன்னதாக நான் வாசிக்கவில்லை.

அம்பாந்தோட்டை பற்றி நீட்ட விரும்பவில்லை, ஏற்கெனவே அளவுக்கு அதிகமாகப் பேசப்பட்டுவிட்டது. ஒரு விடயத்தை மட்டும் சொல்கிறேன். 2017இல் 99 வருடக் குத்தகைக்கு 1.12 பில்லியன் டொலர் கிடைத்தது. துறைமுகத்தைக் கட்ட எடுத்த சீனக் கடன் அதனால் அழிந்துவிட்டதாக இன்றும் பலர் நம்புகிறார்கள். அழியவில்லை. கிடைத்த பணம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்கு வலுவூட்டியது. கடன் திறைசேரியின் தலையில் தொடர்ந்தது. வருமானம் ஒரு பையிலும் கடன் இன்னொரு பையிலும் இருந்தால் மதிப்பீடு செய்பவர் ஏமாந்து போவார். இரண்டையும் ஒரே தாளில் எழுதச் சொல்ல வேண்டும்.

போட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்தில் 484 மெகாவாட்டுக்கு அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று 20 வருடங்களுக்கு அதானி நிறுவனத்துடன் விலை பேசப்பட்டு, 2024 மே மாதம் அமைச்சரவை அங்கீகாரமும் கிடைத்தது. பகிரங்கக் கேள்விமனு கோரப்படவில்லை. பின்னர் மன்னாரிலேயே 50 மெகாவாட் காற்றாலைக்குக் கேள்விமனு கோரியபோது 4.65 சதத்துக்கு விலை வந்தது. இரண்டு திட்டங்களும் அளவிலும் நிபந்தனைகளிலும் ஒன்றல்ல, ஆகவே வித்தியாசம் முழுவதையும் கொள்ளை என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் போட்டி இல்லாமல் பேசிய விலை நியாயமானது என்று நிரூபிக்க வேண்டிய கடமை பேசியவருக்கு வந்துவிடுகிறது. அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் திட்டத்திலிருந்து விலகியது.

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் சென்றவர்கள் மதீனாவின் விமான நிலையத்தைக் கண்டிருப்பார்கள். அதன் புதிய முனையம் 2015இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியதும் நடத்துவதும் துருக்கிய, சவூதி நிறுவனங்களின் கூட்டு. 25 வருட ஒப்பந்தம். அங்கே கவனிக்க வேண்டியது, வருமானத்தில் 54.5 வீதத்தைச் சவூதி சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை. இலாபத்தில் அல்ல, வருமானத்தில். இலாபத்தில் பங்கு என்றால் செலவைக் கூட்டிக் காட்டி இலாபத்தைக் குறைக்க வழியுண்டு. வருமானத்தில் பங்கு என்றால் அந்த வழி அடைபடும். செலவைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு நடத்துபவரிடம் வருகிறது. கேள்விமனுவில் யார் அதிக பங்கு தருகிறார் என்பதைப் போட்டியாக வைத்தே இந்த வீதம் வந்தது. எழுதப்பட்ட ஒரு சொல் 25 வருடக் கணக்கையும் மாற்றிவிடும் என்பதற்கு இது உதாரணம்.

பணக்கார நாடுகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. பிரித்தானியா 1992 முதல் வைத்தியசாலை, பாடசாலை, வீதி என்று எல்லாவற்றையும் தனியார் பணத்தில் கட்டி, வருடா வருடம் கட்டணம் செலுத்தியது. 2018 ஜனவரியில் அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி 700க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களுக்காக இனிமேல் செலுத்த வேண்டியிருந்த தொகை 199 பில்லியன் பவுண். அதே மாதம் கரில்லியன் என்ற பெரும் ஒப்பந்தக் கம்பனி சரிந்து விழுந்தது. இரண்டு பெரிய வைத்தியசாலைகள் அரைகுறையாக நின்றன. அவற்றைக் கட்டி முடிக்கும் பொறுப்பு அரசிடமே திரும்பி வந்தது. அவ்வருட இறுதிக்குள் அந்த முறையில் புதிய ஒப்பந்தம் செய்வதையே நிறுத்திக்கொண்டார்கள். ஆபத்தைக் கடதாசியில் தனியாரிடம் கொடுத்தாலும் வைத்தியசாலையை மூட முடியாது என்பதால் கடைசியில் அது அரசிடமே வந்து நிற்கும். கரில்லியன் விடயத்தில் நமக்குப் பயனுள்ள பகுதி இன்னொன்று: அந்தக் கணக்கைப் பார்த்துப் பகிரங்கமாகச் சொல்ல அங்கே ஓர் அலுவலகம் இருந்தது. நம்மிடமும் கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறார், 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது, கோப் குழுவும் இருக்கிறது. அவற்றின் அறிக்கைகளை நாம் வாசிப்பதில்லை. தொலைக்காட்சியில் யாராவது சத்தம் போட்ட பகுதி மட்டும் முகநூலில் வரும்.

பணக் கணக்கு சரியாக இருந்தாலும் யார் விடுபட்டார் என்று பார்க்காவிட்டால் மதிப்பீடு முடியாது. பஸ் போக்குவரத்து நல்ல உதாரணம். 1958இல் தேசியமயமாக்கப்பட்டது, 1979இல் மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. பிரதான வீதியில் இருப்பவர்களுக்கு இன்று பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளூரில் இருக்கும் பாடசாலைக்குக் காலை ஆறரைக்குப் போகும் பஸ் எது, இரவு எட்டு மணிக்குப் பிறகு கடைசித் தரிப்பு வரை ஓடும் பஸ் எது என்று கஷ்டப் பிரதேசத்தில் கற்பிக்கும் எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். அது இருந்தால் பெரும்பாலும் இ.போ.ச. பஸ்ஸாகவே இருக்கும். மாணவர் பருவகாலச் சீட்டு செல்லுபடியாவதும் அதில்தான். தனியாரைக் குறை சொல்லிப் பயனில்லை, இலாபமில்லாத வழியில் ஓட அவரிடம் எந்த ஒப்பந்தமும் கேட்கவில்லை.

இவ்வளவு பெரிய விடயங்களைப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதே கேள்விகள் நமது பிரதேச சபையிலும் நகர சபையிலும் ஒவ்வொரு வருடமும் வருகின்றன. சந்தை, மீன் சந்தை, மாட்டிறைச்சிக் கடை, வாகனத் தரிப்பிடம், பொது மலசலகூடம் எல்லாம் வருடாந்தக் கேள்விமனு மூலம் தனியாருக்குக் குத்தகைக்குப் போகின்றன. 2023 மார்ச் முதல் இரண்டு வருடங்களுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இருந்த சபைகளில் பெரும்பாலானவற்றுக்கு 2025 மே மாதத் தேர்தலின் பின் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் இதைக் கேட்கலாம்.

மாட்டிறைச்சிக் கடையை எடுத்துக்கொள்வோம். அதிகூடிய தொகை கூறியவருக்குக் கடை கொடுக்கப்படுகிறது. சபைக்கு நல்ல வருமானம் என்று உறுப்பினர்கள் பெருமைப்படுகிறார்கள். ஆனால் கடை ஒன்றோ இரண்டோதான். போட்டியில்லாத இடத்தில் அந்தத் தொகையைக் குத்தகைக்காரர் எங்கிருந்து எடுப்பார்? ஒரு கிலோ இறைச்சியின் விலையிலிருந்து. சபை எடுத்ததாக நினைக்கும் பணம் நோன்பு காலத்தில் இறைச்சி வாங்கும் ஏழையின் பையிலிருந்து வந்தது. புள்ளித் திட்டத்தை மாற்றினால் என்ன? சபை ஒரு நியாயமான வாடகையைத் தானே குறித்துவிட்டு, யார் குறைந்த விலைக்கு விற்க உடன்படுகிறாரோ அவருக்குக் கொடுக்கலாம். விலையையும் நிறையையும் சுத்தத்தையும் மாதந்தோறும் பரிசோதித்து, மீறினால் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். சபையின் வருமானம் கொஞ்சம் குறையும். அதை ஏற்க சபை தயாரா என்பது ஊர் தீர்மானிக்க வேண்டிய விடயம். ஆனால் இப்போதைய முறையில் அப்படியொரு தெரிவு இருப்பதே ஊருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ளச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டத்தையும், ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டத்தையும் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு விடயத்துக்குரிய அமைச்சருடையது. மூன்று மாதங்களுக்கு முன்பே சொன்னால்தான் புள்ளித் திட்டத்தைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கும். இந்தப் பிரிவின் கீழ் அறிவித்தல் வந்ததாக உங்கள் ஊரில் யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

அறிவிக்காவிட்டால் நாமே கேட்கலாம். சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். வர்த்தக இரகசியம் என்று மறுக்கலாம். ஆனால் வெளியிடுவதில் உள்ள பொது நலன் அந்தப் பாதிப்பைவிடப் பெரிதானால் தந்தே ஆக வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மறுத்தால் முதலில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், பிறகு ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

என்ன கேட்பது? ஒப்பந்தத்தின் பிரதியைக் கேளுங்கள். எத்தனை பேர் விலை கூறினார்கள், ஒருவர் மட்டும் கூறியிருந்தால் ஏன் மீண்டும் கோரவில்லை என்று கேளுங்கள். நட்டம் வந்தால் அரசு அல்லது சபை ஈடு செய்யும் என்ற வாசகம் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள், அது பெரும்பாலும் பின்னிணைப்பில்தான் இருக்கும். கட்டணத்தை உயர்த்த யாருக்கு அதிகாரம் என்று பாருங்கள். இடையில் நிபந்தனைகள் திருத்தப்பட்டிருந்தால் அந்தத் திருத்தங்களையும் கேளுங்கள். கேள்விமனுவில் இருந்த ஒப்பந்தம் வேறாகவும், மூன்று வருடம் கழித்து நடைமுறையில் இருக்கும் ஒப்பந்தம் வேறாகவும் இருக்கக்கூடும்.

கடைசியாக, கையளிக்கும் நாளில் என்ன நிலையில் கையளிக்க வேண்டும் என்ற பகுதியைப் பாருங்கள். ஒப்பந்தத்தின் இறுதி வருடங்களில் திருத்த வேலைக்குப் பணம் போட எந்த முதலீட்டாளருக்கும் ஆர்வம் இருக்காது. அடுத்தவருக்குக் கொடுக்கப்போகும் கடையின் கூரையை யார் மாற்றுவார்? 1999இல் 30 வருடங்களுக்கு எழுதப்பட்ட எலிசபெத் இறங்குதுறை ஒப்பந்தத்தின் காலம் முடிவை நெருங்குகிறது. பாரந்தூக்கிகள், இறங்குதுறைச் சுவர், கணினி முறைமை எல்லாவற்றையும் இப்போதே பரிசோதித்துப் பட்டியலிட வேண்டிய நேரம் இது. அதே இடத்தை அதே கூட்டு நிறுவனத்துக்கு நீடித்துக் கொடுப்பதா, புதிதாகக் கேள்விமனு கோருவதா, அதிகார சபையே ஏற்று நடத்துவதா என்ற தீர்மானம் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கப்பட வேண்டியது.